கையைத் தொடக் கூடாத மூன்று மாதம்

வின்னிபெக்
ஏப்ரல் 9

அன்புத் தம்பி ஹூமானுக்கு,

முதலில் நலம் விசாரித்துவிடுகிறேன். இல்லையென்றால் அம்மா வளர்த்த வளர்ப்பு இதுதானா என்று கேட்பாய். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தரானேக்கு இருமல் விட்டதா? குல்நாருக்கு இன்னும் இரவுப் பணிதானா? நான் நலம். இங்கே பனி இன்னும் முழங்கால் அளவு நிற்கிறது.

போதும். இனி என்னால் அடக்க முடியாது. வந்துவிட்டது, ஹூமான்! வந்துவிட்டது! குல்நாரின் பெயரைக் கனடாவின் இந்த மாகாணம் தேர்ந்தெடுத்துவிட்டது. இங்கே செவிலியர்களுக்கு அவ்வளவு பஞ்சம். அவள் பெயரில் மனு, கணவன் என்று நீ, மகள் என்று தரானே. மனு தேறினால் மூன்று பேருக்கும் நிரந்தரக் குடியுரிமை. நேற்றுக் காலையில் செய்தி வந்ததும் வேலையிடத்தில் கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டாள், பாவம்.

நேற்றே மாடி அறையின் சுவரை அளந்துவிட்டேன். தரானேக்கு மஞ்சளா, இளம் பச்சையா? கேட்டு எழுது. பள்ளிக்கூடம் நான்கு தெரு தள்ளி. குல்நாருக்கு மருத்துவமனை ஒரே பேருந்து.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் 'ஹலோ' என்றதும் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். பிறகு அந்தத் தெருவே என்னோடு பேசுகிறது. காரியமான பேச்செல்லாம் இனி மின்னஞ்சல் கடிதத்தில்தான்.

எல்லோருக்கும் என் அன்பு. தரானேயின் இரண்டு கன்னத்திலும் கடித்து வை.

உன் மேல் உயிராக இருக்கும் அக்கா,
மஹீன்


ராஷ்த்
ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது. ராஷ்த்தில் மழை என்றைக்கு நின்றது, முழங்கால் வலி என்றைக்கு நிற்க?

உன் கடிதத்தைக் குல்நாருக்குப் படித்துக் காட்டினேன். கத்தரிக்காயைச் சுட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே அடுப்பில் விட்டுவிட்டாள். அன்றைக்கு எங்களுக்குக் கரிதான் சாப்பாடு. அதையும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். தரானே மஞ்சள் என்கிறாள். இல்லை, பச்சை என்கிறாள். ஒரு சுவர் அது, ஒரு சுவர் இது என்று முடிந்தது.

எனக்கு ஒரே ஒரு கவலை. நான் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். ஊரே குளிர்சாதனப் பெட்டியாக இருக்கும் இடத்தில் எனக்கு என்ன வேலை கிடைக்கும்? இதைக் குல்நாரிடம் சொன்னேன்.

"நான் சம்பாதிக்கிறேன், நீங்க வீட்டுல இருந்து கத்தரிக்கா சுடுங்க. என்னைவிட நல்லாத்தான் சுடுவீங்க"ன்னாள்.

அம்மா அழுதார், பிறகு பெட்டியில் என்னென்ன மசாலா வைப்பது என்று ஆரம்பித்துவிட்டார். பூண்டு ஊறுகாய் ஏழு வருஷத்தது இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போனால் மன்னிக்க மாட்டாராம். பெஹ்ரூஸ் அத்தான் எப்படி இருக்கிறார்? இந்தக் கும்பல் வந்து இறங்கினால் அவருக்குத் தூக்கம் போகும் என்று இப்போதே சொல்லி வை.

எல்லோரிடமிருந்தும் முத்தங்கள்.

உன் தம்பி,
ஹூமான்


வின்னிபெக்
ஜூன் 24

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நலம். சுவர்களுக்கு வண்ணம் அடித்து முடித்தாயிற்று. குல்நாரின் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்து உங்கள் மனுவைக் கவனிக்கும் வக்கீலம்மாவே புருவத்தைத் தூக்கினார். அவ்வளவு நல்ல மதிப்பெண்.

ஒரு சின்ன விஷயம். போன வாரம் இந்த நாட்டு அரசு நம் நாட்டுப் படைகளில் ஒன்றைப் பயங்கரவாதத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எந்தப் படை என்று உனக்கே தெரியும், பெயர் எழுத வேண்டாம். அதில் இருந்தவர்கள், இருக்கிறவர்கள் யாரும் இங்கே குடியேறத் தகுதியில்லை. இங்குள்ள நம்மவர்கள் கடையில், பள்ளிவாசலில், முடிதிருத்தும் இடத்தில் எங்கே பார்த்தாலும் இதே பேச்சு.

நமக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வக்கீலம்மா ஒவ்வொரு ஆணின் கட்டாய ராணுவ சேவையையும் கேட்கிறார். நீ சேவைக்குப் போனபோது நான் இங்கே வந்துவிட்டிருந்தேன். தெற்கே எங்கோ, வெயில் என்று அம்மா புலம்பியது மட்டும் நினைவு. எந்தப் படை, எந்த ஊர், என்ன வேலை என்று ஒரு வரி எழுதிப் போடு.

தரானேயின் பல் விழுந்ததா? எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா,
மஹீன்


ராஷ்த்
ஜூலை 2

அன்புள்ள அக்கா,

நலம், நலம், எல்லோரும் நலம். பல் விழுந்தது. விழுங்கிவிட்டாளோ என்று குல்நார் பயந்தாள், தலையணைக்கு அடியில் இருந்தது. அன்ஸலியிலிருந்து இந்த வருஷம் நல்ல மீன் வருகிறது. உனக்காக ஒன்று சாப்பிட்டேன். அம்மா மாடித் தோட்டத்தில் வெந்தயக் கீரை போட்டிருக்கிறார். குல்நார் இப்போது தூக்கத்தில்கூட ஆங்கிலம் பேசுகிறாள், எனக்குத்தான் புரியவில்லை.

வெயில் ஆரம்பித்துவிட்டது. ஊரெல்லாம் குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போகிற காலம். ஓடவேண்டும்.

தம்பி,
ஹூமான்


வின்னிபெக்
ஜூலை 5

ஹூமான்,

நலம் விசாரிப்பு பிறகு. மீன், கீரை, பல் எல்லாம் எழுதினாய். நான் கேட்ட ஒரு வரி எங்கே? வாயில் என்ன கொழுக்கட்டையா? எந்தப் படை?

மஹீன்


ராஷ்த்
ஜூலை 29

அன்புள்ள அக்கா,

அம்மா நலம். மற்றவர்கள் உடம்பால் நலம்.

நான்கு முறை எழுதி அழித்துவிட்டேன். அந்தப் படைதான், அக்கா.

எப்படி என்று சொல்கிறேன், சிரிக்காதே. பயிற்சி முகாமில் எங்களை மைதானத்தில் நிற்கவைத்தார்கள். உச்சி வெயில். ராஷ்த்துக்காரன் எனக்கு மேகம் இல்லாத வானமே வியாதி. ஒரு வரிசைக்கு மட்டும் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தது. நான் மெதுவாக நகர்ந்து அதில் போய் நின்றுகொண்டேன். ஓர் அதிகாரி வந்து குச்சியால் காட்டினார்.

"இந்த வரிசை தரைப்படை. அந்த வரிசை போலீஸ். நிழல்ல நிக்கிற சோம்பேறிங்க எல்லாம் அந்தப் பக்கம் வண்டில ஏறுங்கடா!"

அவ்வளவுதான் நான் சேர்ந்த கதை. இரண்டு வருஷம் சமையல்கூடம். வெங்காயம் உரித்தேன், உருளைக்கிழங்கு சீவினேன், அண்டா கழுவினேன். துப்பாக்கியைப் பயிற்சியில் தொட்டதோடு சரி. என்னால் உலகத்தில் யாருக்காவது கெடுதல் வந்திருந்தால், அது என் சோற்றைச் சாப்பிட்டவர்களுக்குத்தான்.

சேவை முடித்த அட்டையில் அந்தப் படையின் முத்திரை இருக்கிறது. குல்நாருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொல்லி, இருவரும் சிரித்த கதை இது. உன் கடிதத்தை அவளுக்குப் படித்தபோது அந்தப் பத்தியை மட்டும் விழுங்கிவிட்டேன்.

மனுவில் 'தரைப்படை' என்று எழுதிவிட்டால் என்ன? யார் வந்து அண்டாவைச் சோதிக்கப் போகிறார்கள்?

அன்புடன்,
ஹூமான்


வின்னிபெக்
ஆகஸ்ட் 11

அன்புத் தம்பி,

அம்மாவுக்கு என் சலாம். நான் நலம் என்று சொல். உன்னிடம் பொய் சொல்லவில்லை, இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

பொய் மட்டும் எழுதாதே. கண்டுபிடித்தால் ஐந்து வருஷத்துக்கு வாசலையே மூடிவிடுவார்கள், குல்நாருக்கும் சேர்த்து. வக்கீலம்மாவிடம் வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் சொன்னேன். அந்த நிழல் கதையை மட்டும் சொல்லவில்லை. நீயாகப் போய் நின்றாய் என்று பிடித்துக்கொண்டால்? அவர் சொன்னது இதுதான். சட்டம் அண்டா கழுவியவன், பீரங்கி சுட்டவன் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. விருப்பமில்லாமல் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று வாதாடலாம். ஆனால் வருஷக்கணக்காகும், முடிவும் நிச்சயமில்லை. அதைவிட மோசம் இன்னொன்று. கணவன் தகுதியற்றவன் என்றால் குடும்பமே தகுதியற்றது. நீ அங்கேயே இருந்துகொண்டு அவர்கள் இருவரும் மட்டும் வருவதாகச் சொன்னாலும் செல்லாது. நீ கணவனாக இருக்கிறவரை அவர்களுக்கும் கதவு இல்லை.

இதை வாசித்ததும் உனக்கு என்ன தோன்றுமோ, அதேதான் எனக்கும் தோன்றியது. நம்மவர் கடையில் அரிசி வாங்கும்போது ஒருத்தி சொன்னாள்.

"என் தங்கச்சி அப்படித்தான் பண்ணா. விவாகரத்து, வெறும் பேப்பர். ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி கல்யாணம். யாருக்கு என்ன நஷ்டம்?"

வக்கீலம்மாவிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டால் என்னை வெளியே போகச் சொல்வார். ஆனால் யோசித்துப் பார். தரானே இங்கே படிப்பாள். குல்நார் இங்கே நிமிர்ந்து நடப்பாள். நீ பிறகு வரலாம். வெறும் காகிதம்தான், ஹூமான். எத்தனை பேர் செய்கிறார்கள்.

குல்நார் என்ன சொல்கிறாள்? எழுது.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா,
மஹீன்


ராஷ்த்
நவம்பர் 3

அன்புள்ள அக்கா,

அம்மாவும் தரானேயும் நலம். நீண்ட நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. செய்துவிட்டேன். செப்டம்பர் 25ஆம் தேதி. அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

ஆனால் இது நீ நினைத்ததுபோல ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம் இல்லை. கணவன் கேட்டு வாங்கும் விவாகரத்துக்கு மூன்று மாதக் காத்திருப்பு உண்டு. அதுவரை மனைவி கணவன் வீட்டிலேயேதான் இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு சாட்சிகள் வந்து, இவள் இங்கேதான் இருந்தாள், இவன் இவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் முடியும். பதிவு அலுவலகத்தில் இருந்த தலைப்பாகைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, கவனமாக் கேட்டுக்கோ. இந்த மூணு மாசத்துல 'திரும்பி வா'ன்னு ஒரு வார்த்தை மனசாரச் சொன்னா போச்சு. ஆசையாக் கையைத் தொட்டாலும் போச்சு. விவாகரத்து அப்பவே செத்துப்போகும், அவ உன் பொண்டாட்டி. என்கிட்ட வந்து அனுமதி கேக்கக்கூடத் தேவையில்ல."

"அப்ப ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணுமே, ஐயா"ன்னேன்.

"எல்லாரும் இங்க வந்து 'எப்படியாவது சேத்து வைங்க'ன்னு அழுவாங்க. ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்ன மொத ஆளு நீதான்"ன்னார்.

ஆக நான் இப்போது தரானேயின் அறையில் படுக்கிறேன். அவளுக்கு ஏகக் கொண்டாட்டம். வீட்டுக்குள் குல்நார் இடப்பக்கம் வந்தால் நான் வலப்பக்கம் போகிறேன். தேநீரைக் கையில் வாங்குவதில்லை, மேசையில் வைக்கச் சொல்கிறேன். வாய் தவறி ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து அவளை 'நீங்கள்' என்று கூப்பிட ஆரம்பித்தேன். நேற்று அம்மா கீழே இருந்து வந்தார்.

"ஏண்டா, நீங்க ரெண்டு பேரும் பேங்க் மேனேஜர்கிட்ட பேசற மாதிரி பேசிக்கிறீங்க? கனடா போறதுக்கு இப்பவே மரியாதை பழகறீங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்தேன்.

அக்கா, உன்னிடம் சொல்வதற்கு என்ன. பத்து வருஷம் கூடவே இருந்தவள். ஒரு நாளாவது இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தது உண்டா? இப்போது அவள் குடையை உதறிவிட்டு உள்ளே வரும் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கல்லூரிப் பையனைப்போல ஜன்னலில் நிற்கிறேன். போன வாரம் முடிக்கு வேறு சாயம் போட்டுக்கொண்டு வந்தாள். நிச்சயதார்த்தத்தில் உடுத்திய சிவப்பு உடையை எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள்போல பாக்கலா அவரையை உரித்தாள். நான் எழுந்து மழையில் நடக்கப் போய்விட்டேன். முழுக்க நனைந்து வந்தேன். அவளிடம் துண்டுகூட வாங்கவில்லை.

இன்னும் ஏழு வாரம். தாக்குப்பிடித்துவிடுவேன்.

அத்தானுக்கு என் சலாம்.

தம்பி,
ஹூமான்


ராஷ்த்
டிசம்பர் 4

மதிப்புக்குரிய மஹீன் அண்ணி அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் நலம். நான் உங்களுக்குத் தனியாக எழுதுவது இதுவே முதல் தடவை. ஆங்கிலத்தில் எழுதலாம் என்று பார்த்தேன், இந்த விஷயத்துக்கு அது ஒத்துவரவில்லை.

உங்கள் கடிதங்களை அவர் எனக்கு வாசித்துக் காட்டுவார். சில வரிகளை விழுங்கிவிடுவார், அது எனக்குத் தெரியும். அவர் விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்கும். நான் என்னவென்று கேட்பதில்லை.

எனக்காகவும் தரானேக்காகவும் நீங்கள் எடுக்கும் சிரமத்தை மறக்க மாட்டேன். இதைக் கேட்பதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். நாம் கடிதத்தின் கடைசியில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் சலாம் சொல்கிறவர்கள். போன வருஷப் புத்தாண்டிலிருந்து உங்கள் கடிதங்களில் பெஹ்ரூஸ் அண்ணன் பெயர் இல்லை. இவர் கேட்டால் 'எல்லோரும் நலம்' என்று எழுதுகிறீர்கள், இல்லை என்றால் எழுதாமலே விட்டுவிடுகிறீர்கள். ஆண்களுக்கு இது கண்ணில் படாது. எனக்குப் பட்டது.

அண்ணன் நலமா, அண்ணி? நீங்கள் நலமா?

என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவர் என்னை 'நீங்கள்' என்று அழைக்கிறார். தேநீரை மேசையில் வைக்கச் சொல்கிறார்.

உங்கள்,
குல்நார்


வின்னிபெக்
டிசம்பர் 20

என் கண்ணே குல்நார்,

பதினைந்து நாளாக உன் கடிதத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன். நான் நலம் என்று ஆரம்பிக்க இந்தத் தடவை கை வரவில்லை.

பெஹ்ரூஸ் இந்த வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தூரத்து ஊரான கால்கரியில் அவனுக்கு வேலை கிடைத்தது. வரிக்காகத் தனி முகவரி காட்டவேண்டும், வெறும் காகிதம்தான் என்றான். நானும் சரி என்றேன். முகவரி மாறியது. பிறகு சாப்பாட்டு நேரம் மாறியது. பிறகு போன் வரும் நாள் மாறியது. ஒரு நாள் விவாகரத்துக் காகிதமும் வந்தது. அம்மாவுக்குச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. மூன்று படுக்கையறை உள்ள இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். மஞ்சளும் பச்சையும் அடித்தது உங்களுக்காக மட்டும் இல்லை. ஓர் அறையிலாவது சத்தம் கேட்கட்டும் என்று எனக்காகத்தான்.

இப்படிப்பட்ட நான், என் வாயாலேயே உங்களுக்குக் 'காகிதம்தான்' என்று எழுதியிருக்கிறேன். ஹூமானிடம் 'குல்நார் என்ன சொல்கிறாள்' என்று ஒரு தடவை கேட்டேன். அவன் பதில் எழுதவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை, எனக்கு அந்தப் பதில் வேண்டியிருக்கவில்லை.

நிறுத்துங்கள். அந்தச் சாட்சிகளைத் திருப்பி அனுப்புங்கள். ஹூமானிடம் சொல், அக்கா சொன்னாள் என்று சொல். அவன் கேட்காவிட்டால் சிவப்பு உடையைப் போட்டுக்கொண்டு அவன் கையை நீயே பிடி!

உன் அண்ணி,
மஹீன்


ராஷ்த்
டிசம்பர் 22

அன்புள்ள அக்கா,

நலம்! நலம்! வீடே நலம்! நீ நிறுத்தச் சொல்லி எழுதிய காரியத்தை நான் அதற்கு முந்தின நாளே நிறுத்திவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னை முந்தினேன், அதைக் கொண்டாடவிடு.

கெடு முடிய இன்னும் ஆறு நாள் இருக்கும்போதே, பத்தொன்பதாம் தேதி சாட்சிகள் வந்தார்கள். பக்கத்து வீட்டு ரஹ்மத் ஆகாவும், அவர் மைத்துனர் இஸ்மாயிலும். அம்மா பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து வரச்சொன்னேன். குல்நார் தேநீர் கொண்டுவந்தாள். ரஹ்மத் ஆகா, "எதுக்குமா சிரமம், வேண்டாம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு மூன்று கோப்பை குடித்தார். பிறகு பேனாவைத் திறந்தார். திறந்தவர் மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"மகளே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேக்கறேன். உனக்கு இதுல சம்மதந்தானே?"

குல்நார் தட்டைக் கீழே வைத்தாள்.

"இதுவரைக்கும் என்கிட்ட யாரும் கேக்கலையே, ஆகா."

அழவில்லை, கோபப்படவில்லை. கடையில் பால் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அக்கா, எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. அவளுடைய நல்லதுக்கு என்று நீ எழுதினாய், அவளுடைய நல்லதுக்கு என்று நான் செய்தேன். எல்லா நல்லதும் அவளைத் தவிர மற்றவர்கள் பேசி முடித்தது. அவள் சரி என்றுகூடச் சொல்லியிருக்கவில்லை, நான் சொன்னதைக் கேட்டுத் தலை குனிந்தாள், அவ்வளவுதான். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுந்து போய், அந்த இரண்டு பெரிய மனுஷர்களுக்கும் எதிரில், அவள் கையைப் பிடித்தேன்.

"குல்நார், வந்துடு. கனடா வேண்டாம், நீ வா"ன்னேன்.

"உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாமா? மறுபடியும் நீங்களே முடிவு பண்றீங்களா?"ன்னாள். ஆனால் கையை விடவில்லை. "எனக்குக் கனடாவும் வேணும், நீங்களும் வேணும். உண்மைய எழுதுங்க. மூணு பேர் பேரையும் எழுதுங்க. வேண்டாம்னு அவங்க சொல்லட்டும், நாம ஏன் சொல்லணும்?"

ரஹ்மத் ஆகா பேனாவை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப இப்ப நான் எங்க கையெழுத்துப் போடறது?"

"நீங்க வீட்டுக்குப் போங்க ஆகா"ன்னான் இஸ்மாயில், தலையைத் திருப்பிக்கொண்டு. அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

மறுநாளே பதிவு அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டோம். தலைப்பாகைக்காரர் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். சாயங்காலம், வருஷத்தின் மிக நீண்ட இரவு விருந்துக்கு அம்மா மாதுளை உதிர்த்துக்கொண்டே, "என்னடா, மரியாதையெல்லாம் எங்க போச்சு?"ன்னார். தரானேக்குத்தான் கோபம், அவளுடைய அறைத்தோழன் போய்விட்டானாம்.

இனி உன் வேலை. வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொல். நிழலில் நின்றதையும் சொல், இந்த விவாகரத்தையும் சொல், ஒன்றையும் மறைக்க வேண்டாம்.

அக்கா, குல்நார் உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். அவள் எதையும் விழுங்கவில்லை. அத்தான் விஷயத்தை அம்மாவிடம் நீயே சொல். ஸ்பீக்கர் போடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பிப்ரவரியில் ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வா. உன் பழைய அறையில் தரானேயோடு படுத்துக்கொள். அவள் நன்றாக உதைப்பாள்.

குல்நார், தரானே, அம்மா, நான், நான்கு பேரின் முத்தங்களுடன்,
ஹூமான்


அங்காரா
அக்டோபர் 17

அன்புள்ள அக்கா,

விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். மூவரும் நலம். தரானே இங்குள்ள எள்ளு ரொட்டியைத் தவிர வேறு எதையும் சாப்பிடுவதில்லை. குல்நார் குளிக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிடவேண்டும், எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

கனடா தூதரகத்தில் நேர்காணல் முடிந்தது! என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரியம்மா, என் வயதுதான் இருக்கும். இந்தப் பக்கம் மொழிபெயர்க்க ஒரு தப்ரீஸ்காரர். சமையல்கூடத்தின் அளவு, அதிகாரிகள் பெயர், துப்பாக்கி பிடித்தேனா, சம்பளம் வாங்கினேனா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். நிழல் கதைக்கு மொழிபெயர்ப்பவரே சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை, தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். நீங்கள் அங்கே இருந்தது உங்கள் சொந்த விருப்பத்தாலா என்று மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

பிறகு காகிதங்களைப் புரட்டி, விவாகரத்துப் பதிவின் நகலை எடுத்தார். கேட்டது இது. "இதை அப்படியே விட்டிருந்தால் உங்கள் மனைவியும் மகளும் இந்நேரம் கனடாவில் இருந்திருக்கலாம். நீங்கள் இதை ரத்து செய்ததால் அவர்கள் இருவருக்கும் எதுவும் நிச்சயமில்லை. ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

வக்கீலம்மா சொல்லிக்கொடுத்த எந்தப் பதிலும் அதற்கு இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அம்மா, பதினெட்டு வயசாச்சு, வான்னாங்க, போனேன். இந்த வண்டில ஏறுன்னாங்க, ஏறினேன். வெங்காயம் உரின்னாங்க, உரிச்சேன். அந்த ரெண்டு வருஷத்துக்காக விவாகரத்து பண்ணுன்னாங்க, அதையும் பண்ணேன். நீங்க விருப்பம், விருப்பம்னு கேக்கறீங்க. என் ஆயுசுல யாரும் சொல்லாம, யாருக்கும் பயப்படாம, என் விருப்பத்துக்கு நான் செஞ்சது ஒண்ணுதான். ரெண்டு சாட்சிங்க முன்னால என் பொண்டாட்டி கையைப் பிடிச்சேன். தகுதி இல்லைன்னு எழுதறதா இருந்தா அதுக்காக எழுதுங்க, வெங்காயத்துக்காக எழுதாதீங்க."

தப்ரீஸ்காரர் வார்த்தை விடாமல் மெதுவாக மொழிபெயர்த்தார். அந்த அம்மா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். என்னவோ கேட்டார்.

"உங்க மனைவி வெளியில இருக்காங்களான்னு கேக்கறாங்க"ன்னார் தப்ரீஸ்காரர்.

"இருக்கா"ன்னேன்.

அந்த அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து, அவர் வாயாலேயே கூப்பிட்டார், "குல்நார்" என்று.

அவள் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் ஒரே ஒரு கேள்வி. கணவரை விட்டுப் பிரிந்து நீங்களும் மகளும் மட்டும் வருகிற வாய்ப்பு இன்னும் இருக்கிறது, உங்களுக்கு அது வேண்டுமா? யோசித்துச் சொல்லுங்கள், அவர் முன்னால் சொல்லத் தயக்கம் என்றால் அவரை வெளியே அனுப்புகிறேன் என்றார். குல்நார் மொழிபெயர்ப்பவருக்குக் காத்திருக்கவில்லை. ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். எனக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான், 'நோ'.

முடிவு தெரிய ஆறு மாதம் ஆகுமாம், ஒரு வருஷமும் ஆகலாமாம். ஆகட்டும் அக்கா. உன் மஞ்சள் சுவரும் பச்சைச் சுவரும் காத்திருக்கட்டும், நாங்களும் காத்திருக்கிறோம். அதுவரை நீ வருஷத்துக்கு ஒரு மாதம் எங்களிடம் வந்து இரு.

குளியலறைக் கதவு திறக்கிறது. முடியைத் துவட்டிக்கொண்டே, "யாருக்கு எழுதறீங்க? நானும் சலாம் சொன்னேன்னு எழுதுங்க" என்கிறாள். அவள் சொல்லாத எதையும் இனி அவள் பெயரில் எழுதுவதில்லை. இது அவளே சொன்ன சலாம்.

உன் தம்பி,
ஹூமான்